பத்து மணிக்கு எடுக்கிறாங்க

ஊரில் இருக்கிற முப்பத்தாறு லிஃப்டுகளும் லிஃப்ட்காரர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய் உள்ளே ஆள் அலறிக்கொண்டிருந்தாலும், மனிதர் பதறாமல் பையைத் தூக்கிக்கொண்டு போவார், எதையோ தட்டுவார், எதையோ முறுக்குவார், பெட்டி சமர்த்தாகக் கீழே இறங்கி வரும். அப்பேர்ப்பட்ட ஆளுக்குச் சொந்தக் காரை ஒரு சாண் உயரம் தூக்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வந்தது. அவருக்கு மட்டும் அழுகை வந்தது.

கார் என்றால் சும்மா கார் இல்லை. இருபத்து மூன்று வயதான கரும்பச்சைக் கப்பல். உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு, முதுகைப் பிடித்துவிடுகிற பின் சீட்டு. ஒரு பெரிய ஆபரேஷன் டாக்டர் ஆண்டு அனுபவித்த வண்டி. டாக்டர் ஆறரை அடி ஆள். அவர் உட்கார்ந்த அளவை வண்டி இன்னும் மறக்கவில்லை. லிஃப்ட்காரர் ஐந்தடி மூன்றங்குலம். சாவியைப் போட்டதும் டிரைவர் சீட்டு 'ஐயா வந்துட்டார்' என்று தானாகப் பின்னால் போகும், லிஃப்ட்காரரின் கால் பிரேக்கைத் தேடி அந்தரத்தில் ஆடும். அதனாலேயே வீட்டில் அந்த வண்டிக்குப் 'பெரியவர்' என்று பெயர் விழுந்தது.

பெரியவருக்கு இன்னொரு குணம். இந்த ரக வண்டிகளில் சக்கரத்துக்கு மேலே சுருள் கம்பி கிடையாது, காற்றுப் பைதான். வயசான பை. ராத்திரியெல்லாம் காற்று கசிந்து, விடியும்போது வண்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சாவியைப் போட்டால் டிக்கிக்கு அடியில் ஒரு பம்ப் 'ம்ம்ம்' என்று முனகும். நாலு நிமிஷத்தில் முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று எருமை எழுந்திருக்கிற மாதிரி எழுந்திருக்கும். அந்த நாலு நிமிஷமும் லிஃப்ட்காரர் பக்கத்தில் கைகட்டி நிற்பார். "பெரியவர் எழுந்தாச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "பின்பக்கம் எழுந்தாச்சு, டீச்சர்!" என்று இவர் பதில் சொல்வார்.

டீச்சர் என்றது அவர் மனைவியை. ஐந்தாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தில் டீச்சர், தெருவில் டீச்சர், மளிகைக் கடையில் டீச்சர். கட்டின புருஷனும் கல்யாணமான இரண்டாவது மாசமே பெயரை விட்டுவிட்டு டீச்சர் என்றுதான் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கூப்பிடுவார். சட்டை எங்கே டீச்சர், சாவி எங்கே டீச்சர், டீச்சர் இங்க வாங்களேன், ஒண்ணுமில்ல, சும்மாதான்.

அந்த வண்டி மேல் மனிதருக்கு இருந்தது பாசமில்லை, பைத்தியம். ஒரு ஆணி வாங்க வேண்டுமென்றாலும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பெரியவரில்தான் போவார். வேலைக்கு மட்டும் ஸ்கூட்டர், எண்ணெய்க் கறையைப் பெரியவர் தாங்க மாட்டாராம். கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், தெரு முழுக்கத் தொலைந்து போகும். லாரி ஹாரன், நாய், கொழாய்ச் சண்டை எதுவும் உள்ளே வராது. "கேட்டீங்களா டீச்சர்? ஒண்ணுமே கேக்கல பாத்தீங்களா?" என்று சத்தமாகக் கத்தி அந்த அமைதியை அவரே கெடுப்பார்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடச் சங்கதி நடந்தது. டீச்சரை இறக்கிவிடப் போன லிஃப்ட்காரர், பந்தாவாக வாசலிலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். தலைமை ஆசிரியை வந்து ஜன்னல் வழியாக டீச்சரிடம் ஏதோ பரீட்சைத் தாள் விஷயம் பேச ஆரம்பித்தார். பெரியவருக்கு அன்றைக்குப் பார்த்து பகலிலேயே காற்று இறங்கியது. அம்மாள் பேசப் பேச வண்டி இறங்கிக்கொண்டே போனது. வண்டி இறங்க இறங்க அம்மாள் குனிந்துகொண்டே போனார். கடைசியில் பரீட்சைத் தாள் முடிவதற்குள் தலைமை ஆசிரியை முழங்காலில் கைவைத்து நிற்க, நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மதில் மேல் தொற்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சர் பையை மேசை மேல் 'டொப்' என்று வைத்தார். "இதோ பாருங்க. இன்னொரு தடவை அது படுத்து எழுந்திருக்கலைன்னா, நேரா காயலான் கடைதான். இத்தோட விட்டேன்னு நெனச்சுக்கோங்க."

"சத்தியமா, டீச்சர். நானே போன் போட்டுக் கூப்பிடறேன்" என்றார் லிஃப்ட்காரர். எழுந்துவிடும் என்ற தைரியம்தான்.

மெக்கானிக்கிடமும் காட்டினார். அந்த மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அதிசயமாக அன்றைக்கு அன்றே பார்த்துவிட்டு, "பம்ப் கடைசி மூச்சுல இருக்கு சார். என்னிக்கு அந்த முனகல் சத்தம் வரலையோ, அன்னிக்கு முடிஞ்சுது கதை. வேற பம்ப் எங்கயும் கெடைக்காது" என்று கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை அந்த முனகல் வரவில்லை. சாவியைப் போட்டார். முன்னால் விளக்கெல்லாம் எரிந்தது, சீட்டுகூட அரை மனசாக நகர்ந்தது. டிக்கிக்கு அடியில் மட்டும் சத்தமே இல்லை. ஐந்து தடவை போட்டுப் பார்த்தார், காதைத் தரையில் வைத்துப் பார்த்தார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். உள்ளே வந்து, "டீச்சர், பெரியவர் எழுந்திருக்கல" என்றார்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். சொன்ன சொல் தவற மாட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு லாரி வரச் சொல்லிட்டேன்."

"நாளைக்கேவா? என்ன அவசரம், திங்கக்கெழம வச்சுக்கக் கூடாதா?"

லிஃப்ட்காரருக்கு அது குத்தல் பேச்சாகப் பட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது, அதையும் அவர் கவனிக்கவில்லை. புருஷன்மார்களுக்கு எது கண்ணில் படவேண்டுமோ அது படாது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழுந்து வெளியே வந்தார். பெரியவர் நீளத்துக்கு அந்த ஷெட் போதாது, முன்பக்கம் இரண்டு முழம் வெளியில்தான் நிற்கும். ராத்திரி மழை பெய்தும், மேலே போட்டிருந்த வெள்ளைப் போர்வை அப்படியே இருந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், கடைசி நப்பாசையில் மெக்கானிக் 'நாளைக்கு'க்குப் போனில் செய்தி தட்டினார். 'பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. மூச்சுச் சத்தம் நின்னுபோச்சு. பத்து மணிக்கு எடுக்கிறாங்க. அதுக்குள்ள ஒரு தடவை வந்து பாருங்க.' கண்ணில் தண்ணி மறைத்ததா, மூக்குக்கண்ணாடி போடாததா, செய்தி போனது மெக்கானிக்குக்கு இல்லை. இருபத்தொன்பது பேர் இருக்கிற 'நம்ம குடும்பம்' குழுவுக்குப் போனது. போனைச் சத்தமில்லாமல் ஆக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டில் டீச்சரின் அப்பாவும் இருக்கிறார். எண்பத்தோரு வயசு. லிஃப்ட்காரர் அவரை 'மாமா' என்பார், டீச்சர் 'அப்பா' என்பார். ஆனால் மற்ற சொந்தக்காரர்கள் இருபத்தேழு பேருக்கும் பெரியவர் என்றால் அவர் ஒருத்தர்தான். பத்து மணிக்கு எடுக்கிறாங்க என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எட்டேகாலுக்கு டீச்சரின் தம்பி தன் குட்டிக் காரில் பறந்து வந்து இறங்கினார். கூட அவர் மனைவி, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு. தம்பி ஓடிவந்து லிஃப்ட்காரரைக் கட்டிப்பிடித்தார். "அத்தான்! எப்ப அத்தான் ஆச்சு?"

லிஃப்ட்காரர் நெகிழ்ந்து போனார். போன வருஷம் வரைக்கும் 'பழைய இரும்பு' என்று நக்கலடித்த மச்சான், இன்றைக்குக் கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறானே!

"நேத்து சாயங்காலமே அடங்கிப்போச்சு, மச்சான். அதுக்கு முந்தின நாள்கூட நல்லாத்தான் இருந்தார்."

"டாக்டரு பாத்தாரா?"

"பாக்கற ஆளு அப்பவே சொல்லிட்டாரு. இந்த வயசுக்கு இனிமே எதையும் மாத்த முடியாதுன்னு."

"எங்க வச்சிருக்கீங்க?"

"உள்ள எடம் எது? வெளியதான் கெடக்கார். ராத்திரி பூரா வெளியதான்."

தம்பி இரண்டடி பின்னால் போனார். "வெளியவா? ராத்திரி மழை பெஞ்சுதே!"

"பெஞ்சா என்ன, போர்வை போத்திட்டேன்ல?"

"அடப்பாவி மனுஷா!" என்று தம்பி மனைவி துணிக்குள்ளிருந்தே சொன்னாள்.

"ஏம்மா, தெனமும் வெளியதானே படுத்திருந்தார்" என்றார் லிஃப்ட்காரர் வெகுளியாக. "பத்து மணிக்கு லாரி வரும். கொக்கி போட்டு இழுத்து ஏத்திருவாங்க. போன ஒடனே கழட்ட வேண்டியதையெல்லாம் கழட்டிட்டு, மிச்சத்தை நசுக்கி எடைக்குப் போட்டுருவாங்களாம்." மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார். "அந்தக் கண்ணு ரெண்டையுமாவது ஞாபகத்துக்கு நான் கழட்டி வச்சுக்கலாம்னு பாக்கறேன்."

அவர் சொன்னது முன் விளக்குகளை. தம்பிக்கு அது எப்படித் தெரியும்? "அக்கா! அக்கா! இந்த ஆளுக்கு மூளை கலங்கிருச்சுக்கா!" என்று வீட்டைப் பார்த்து ஓடினார். கதவு திறந்தது. கையில் காப்பி டம்ளரோடு மாமனார் நின்றார்.

"என்னடா காலங்காத்தால கூப்பாடு? யாரு செத்தது?"

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதாம்ப்பா" என்றார்.

கிழவர் ஒரு வாய் காப்பி குடித்தார். "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

பத்து நிமிஷம் ஆனது விஷயம் தெளிய. அதற்குள் இன்னும் இரண்டு ஆட்டோ நிறைய ஆள் வந்து இறங்கிவிட்டார்கள். லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினாள். மாமனாருக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருத்தராக நிறுத்தி, "நீ அழுதியா? நெஜமாவா? எங்கேர்ந்து அழுத? வீட்லேர்ந்தேவா, தெருமொனையிலேர்ந்தா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் ஒதுங்கிப்போய் மெக்கானிக்கை நேராகவே போனில் பிடித்தார். "நாளைக்கு வரேன் சார்" என்றது போன்.

ஒன்பதே முக்கால். லாரி வந்துவிட்டது. லாரிக்காரர் வண்டியைச் சுற்றிவந்து, போர்வையை உருவி, "கனமான உருப்படிதான்" என்று தட்டிப் பார்த்தார். லிஃப்ட்காரருக்கு அந்தத் தட்டு தன் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. லாரிக்காரர் சங்கிலியை இழுத்துவந்து கொக்கியை அடியில் மாட்டினார். கூட்டம் அமைதியானது. சாவு வீடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அங்கே சாவு வீட்டு அமைதி வந்தது.

"நிறுத்துங்க."

வாசற்படியில் டீச்சர். கையில் சிவப்புப் பேனா, முகம் அதைவிடச் சிவப்பு.

"ஏங்க, அந்தக் கொக்கியைக் கழட்டச் சொல்லுங்க."

"சொன்ன சொல், டீச்சர்..."

"சொல்லாவது ஒண்ணாவது! நான்தாங்க கெடுத்தேன் அதை." டீச்சர் இறங்கி வந்தார். நாற்பத்திரண்டு பேரை ஒரே அதட்டலில் அடக்குகிற குரல் உள்ளே போயிருந்தது. "நீங்க வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆகுது. நான் நாலரைக்கு வந்துடறேன். ரெண்டு மாசமா தெனமும் வந்த ஒடனே அதுல போய்ப் பின் சீட்டுல உக்காந்துக்கறேன். அந்த முதுகு பிடிச்சுவிடற பொத்தானைப் போட்டுட்டு ஒரு மணி நேரம்."

"நீங்களா?" என்றார் லிஃப்ட்காரர். கூட்டமும் அதையேதான் கேட்டது.

"காலைல ஒம்பது மணியிலேர்ந்து டீச்சர், டீச்சர், டீச்சர். நாப்பத்திரெண்டு வாயி. தெருவுல எறங்கினா டீச்சர். வீட்டுக்கு வந்தா நீங்க, நீங்களும் டீச்சர்தான். அந்தக் கதவைச் சாத்தினா ஒரு சத்தம் கெடையாதுங்க. இருபத்தஞ்சு வருஷத்துல என்னை யாரும் கூப்பிடாத எடம் அது ஒண்ணுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானே காயலான் கடைன்னு கத்திட்டு, நானே போய் உக்காந்துக்கறேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. வெள்ளிக்கெழம பொத்தானைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல லைட்டு மங்கிச்சு, முதுகு பிடிக்கறது பாதியில நின்னுபோச்சு. ஒடச்சுட்டேன்னு பயந்துபோய்க் கதவைச் சாத்திட்டு ஓடி வந்துட்டேன்."

லிஃப்ட்காரருக்கு அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் என்னென்னவோ நடந்தது. தன் வண்டி மேல் தன்னைவிடப் பைத்தியமான ஆள் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறாள் என்று குதிக்கத் தோன்றியது. அவள் நிம்மதியாக உட்கார ஒரு இடம் தேடி அலைந்திருக்கிறாள், தான் பாட்டுக்கு நாற்பது தடவை கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய லிஃப்ட் மூளை சட்டென்று விழித்துக்கொண்டது.

"இருங்க இருங்க. லைட்டு மங்கிச்சா?"

"ஆமா."

"பாதியில நின்னுச்சா?"

"அதான் சொன்னேனே!"

"அட மடையா!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "பம்ப் போகலை! கரண்ட் போச்சு! பேட்டரியில சத்து இல்லாததால பம்பை அதுவே நிறுத்தி வச்சிருக்கு! லிஃப்ட் ஏறலைன்னா மொதல்ல கரண்டைப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றேனே, என் வண்டிக்கு நானே பாக்கலையே! மச்சான், உன் சோப்பு டப்பாவைக் கிட்டக் கொண்டா!"

"அத்தான், மரியாதை" என்றார் தம்பி. ஆனாலும் குட்டிக் காரை ஓட்டிவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தினார். லிஃப்ட்காரர் பையிலிருந்து தடித்த வயரை எடுத்து, இந்தப் பேட்டரிக்கும் அந்தப் பேட்டரிக்கும் முடிச்சுப் போட்டார். துக்கத்துக்கு வந்த வண்டி உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். லிஃப்ட்காரர் சாவியைத் திருப்பினார். சீட்டு முழு மனசோடு பின்னால் போய் அவரை விழுங்கியது.

ஒன்றுமில்லை.

பிறகு டிக்கிக்கு அடியில் 'ம்ம்ம்' என்றது.

பின்பக்கம் எழுந்தது. முன்பக்கம் எழுந்தது. கொக்கி தானாகக் கழன்று 'ணங்' என்று கீழே விழுந்தது. "எழுந்துட்டார்! பெரியவர் எழுந்துட்டார்!" என்று கூட்டம் கத்தியது. மாமனார் காப்பி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். கடைசி ஆட்டோவில் மாலையும் கையுமாக அப்போதுதான் தெருமுனையில் இறங்கிய சித்தி, அந்தக் கூச்சலைக் கேட்டு, நாற்காலியில் கை ஆட்டிக்கொண்டிருந்த கிழவரையும் பார்த்து, அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணி தெளித்து, "அது வேற பெரியவர் சித்தி" என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொண்டுவந்த மாலை வீண் போகக் கூடாது என்று அதை வண்டிக்கே போட்டாள்.

"ஒரு ரவுண்டு போலாம் அத்தான்!" என்று தம்பி கதவைப் பிடித்தார். ஆளுக்கு ஆள் முண்டினார்கள்.

"யாரும் ஏறக் கூடாது" என்றார் லிஃப்ட்காரர்.

"செத்தவனுக்குக்கூட எடமில்லையா?" என்றார் மாமனார்.

"ஒங்களுக்கும்தான், மாமா." பின் கதவைத் திறந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். கூப்பிட வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் காட்டினார். டீச்சர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போட்டு, காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்தார். 'தப்.' தெரு தொலைந்து போனது.

வண்டி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனது, பாலத்தில் ஏறி இறங்கியது. லிஃப்ட்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. பார்த்தீங்களா எப்படி ஓடுதுன்னு, குலுங்குதா பாருங்க, பள்ளமே தெரியலை பாருங்க. ஒன்றையும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது பல் பிடுங்கின அன்றைக்கு மட்டும்தான். கண்ணாடியில் பார்த்தார். டீச்சர் தூங்கிவிட்டார், வாய் லேசாகத் திறந்திருந்தது, சிவப்புப் பேனா இன்னும் கையில் இருந்தது.

தெருவுக்குத் திரும்பினார். சொந்தக்காரர்கள் மொத்தமும் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் எல்லோரும் கையைத் தூக்கி வாயைத் திறந்தார்கள். என்ன கத்தினார்கள் என்று உள்ளே கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன, "டீச்சர்!" என்றுதான் கத்தியிருப்பார்கள்.

லிஃப்ட்காரர் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். வண்டியை நிறுத்தவில்லை. மாலை ஆட, தன் வீட்டு வாசலைத் தானே கடந்து, இன்னொரு சுற்றுக்குப் போனார்.